ஒரு சொல்லை நான் வைத்த இடம்

1

இந்தியா போனவர்கள் அங்கே எப்படிப் பிழைக்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள். பந்தலூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளில் ஐந்தாவது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை, அட்டைப்பூச்சி, ரேஷன் அரிசி என்று இரண்டு தடவை தொடங்கினேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவையெல்லாம் இலங்கையில் உங்களுக்கும் இருக்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை என் மகள் வசந்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஆங்கில வீட்டுப்பாடம் கொண்டுவந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்து வாக்கியங்கள் கொடுத்து, பக்கத்தில் ஒவ்வொரு சொல் கொடுத்திருந்தார்கள். மெதுவாக, அமைதியாக, நிரந்தரமாக என்று பொருள்படும் சொற்கள். ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

"ஹி வாக்ட் ஸ்லோலி டு த பஸ் ஸ்டாப்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"ஸ்லோலி கடைசியிலதானே வரணும்?" என்றேன்.

"கடைசியிலயும் வரலாமுங்கப்பா. ஆனா ரெண்டு வெர்ப் வந்துட்டா கடைசியில வெக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. எதுக்குச் சேர்ந்ததுன்னு தெரியாமப் போயிரும். வெர்புக்கும், இந்த டு, வித், ஆன்னு வருதுல்ல, அதுக்கும் நடுவுல வெச்சுட்டா யாரும் தப்பாப் படிக்க முடியாதாம்." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்கப்பா, என்னாச்சு?"

நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றேன்.

பள்ளிக்கூடத்துச் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த நடு இடத்தில் வைக்க வேண்டிய ஒரு சொல்லை நான் கடைசியில் வைத்தேன். அதனால் என் அக்கா காத்தாயி அந்தக் கரையிலேயே நின்றுவிட்டாள்.

2

அட்டனுக்கு மேலே இருக்கும் தோட்டம் எங்களுடையது. அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போனபோது அக்காவுக்குப் பதினான்கு வயது. அண்ணன் வேலுவுக்குப் பதினொன்று. எனக்கு ஐந்து. அக்கா கொழுந்துக் கூடையை எடுத்தாள். வேலுவையும் சீக்கிரமே மலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. என்னை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். "ஒருத்தனாவது தொரை பேசுற பாசையில பேசட்டும்" என்பாள்.

எங்கள் வாத்தியார் நல்லவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தை முழுவதுமாகக் கொடுத்தார். ஒரு செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். எட்டாம் வகுப்பு வரைக்கும் அதில் எனக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைந்ததில்லை.

அக்காவை ஆலைக்கு மாற்றியிருந்த காலத்தில், கொழுந்து அரைக்கும் உருளையில் இடது கை போயிற்று. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு கொழுந்து எடுக்க முடியவில்லை. பிள்ளைக் காம்பிராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். அதுவும் கிடைக்கிற நாளில்தான். அவளைப் பெண் கேட்டும் யாரும் வரவில்லை. நான் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளும் நானும் ஒரே அடுப்பு. எனக்குக் கல்யாணமாகி ராணி வந்த பிறகும் அடுப்பு ஒன்றுதான்.

பிறகு, இரண்டு அரசாங்கமும் எங்களைப் பங்கு பிரித்த அந்த ஒப்பந்தம் வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ன குடும்பம் இங்கே, இன்ன குடும்பம் அங்கே என்று வரிசை வீடுகளை லயம் லயமாகப் பிரித்த நாட்கள். ராணியின் ஆட்கள் எல்லோரும் இந்தியாவுக்கு எழுதியிருந்தார்கள். நானும் அப்படியே எழுதினேன். வேலு அங்கேயே இருக்க எழுதினான். எழுதும்போது அக்காவின் பெயரையும் தன் வீட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டான். அண்ணன் என்ற உரிமையில் செய்தான், கெட்ட எண்ணம் இல்லை. அக்காவுக்கு எந்த வீடு வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேருமே அவளிடம் கேட்கவில்லை.

எங்கள் கடவுச்சீட்டு வந்த அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்தாள்.

"நான் ஒன்கூடத்தான் வருவேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன், தம்பி."

"ரெண்டு மாசம் பொறுத்துக்கக்கா. அங்க போய் எழுதிப் போட்டுக் கூப்பிட்டுக்கிறேன். அதுவரைக்கும் அண்ணன் வீட்டுல இரு."

ஸ்டேஷனில் கோச்சி புறப்படும்போது அவள் அழவில்லை. வசந்தியின் தலையில் குல்லாவை இழுத்துவிட்டு, "குளிர் ஏறப்போகுது" என்றாள். நாங்கள் போவது மண்டபத்து வெயிலுக்கு என்று அவளுக்குத் தெரியாது.

3

மண்டபம் முகாமில் இருந்து எங்களை இங்கே அனுப்பினார்கள். அதே தேயிலை, அதே மூடுபனி. பேச்சு மட்டும் வேறு. வந்த புதிதில் ஊட்டி கடைத்தெருவில் ஒருவரிடம் "கோச்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். "கொச்சிக்குங்களா? பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க" என்று மரியாதையாக வழிகாட்டினார். நான் கேட்டது ரயிலை. ரொட்டிக்குப் பாண் என்று கேட்டால் கடைக்காரர் விழித்தார். தேத்தண்ணி என்றால் சிரித்தார்கள். நாங்கள் வாய் திறந்ததும் "சிலோன்காரங்க" என்று ஒரு பார்வை வரும். இங்கே எங்கள் பெயரே அதுதான். அங்கே இருந்தபோது இந்தியாக்காரர்கள் என்றார்கள்.

வசந்தி ஒரே வருடத்தில் மாறிவிட்டாள். ஊடு என்கிறாள், வரோணும் என்கிறாள், கூடலூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து இடையிடையே மலையாளமும் பேசுகிறாள். நான் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாசலிலேயே நிறுத்தி, "நீங்க டீச்சர்கிட்டப் பேச வேண்டாமுங்கப்பா, நானே சொல்லிக்கிறேன்" என்பாள்.

ஆனால் வரிசை வீடுகளில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வீட்டுக் கூரை ஒழுகுவதற்கு, விடுபட்ட பெயரைச் சேர்ப்பதற்கு, இன்னொரு தோட்டத்தில் இறக்கிவிட்ட மகனை இங்கே மாற்றுவதற்கு என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். அவர்கள் என் கையெழுத்தின் அழகைப் பார்த்தே பாதி நிம்மதி அடைந்துவிடுவார்கள்.

அக்காவுக்கான மனுவை மட்டும் தள்ளிப் போட்டேன். முதலில் வேலை நிரந்தரமாகட்டும் என்றேன். பிறகு வீடு கிடைக்கட்டும் என்றேன். இரண்டு மாதம் என்று சொன்னது ஒன்றரை வருடமாயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். மனுவின் உயிர் ஒரே ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதை உங்களுக்காக அப்படியே எழுதுகிறேன்:

மை சிஸ்டர் லிவ்ஸ் வித் மை பிரதர் அண்ட் டிபெண்ட்ஸ் ஆன் மி டெம்பரரிலி.

நான் சொல்ல நினைத்தது இது: அக்கா தற்காலிகமாக அண்ணனோடு வசிக்கிறாள், அவளுக்கு ஆதரவு நான்தான். தற்காலிகமாக என்பதற்கான சொல்லை வாத்தியார் சொன்னபடி கொண்டுபோய்க் கடைசியில் வைத்தேன். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எனக்குச் சரியாகவே இருந்தது. நாம் தமிழில் நினைத்துக்கொண்டு படிப்பவர்கள். என்ன நினைத்தோமோ அதுதான் கண்ணுக்குத் தெரியும்.

4

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. தமக்கை தம்மைத் தற்காலிகமாகவே சார்ந்திருப்பதாக மனுதாரர் தாமே கூறியிருப்பதால் மனு ஏற்கப்படவில்லை என்று இரண்டு வரி.

காகிதத்தை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. கோப்பை எடுத்து என் மனுவைக் காட்டினார்.

"இது நீங்க எழுதினதுதானுங்களே?"

"ஆமாங்க சார்."

"கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"நீங்க எழுதினதைத்தானுங்க அவங்க திருப்பிச் சொல்லியிருக்காங்க."

"நான் அப்படி எழுதலைங்க சார். அக்கா அண்ணன் வீட்டுல இருக்கறதுதான் தற்காலிகம். என்னை நம்பி இருக்கறது இல்லை."

அவர் மறுபடி படித்தார். உதட்டைப் பிதுக்கினார். "எனக்கும் அவங்க படிச்ச மாதிரிதானுங்க தெரியுது. வேணும்னா புதுசா எழுதிக் குடுங்க. ஆனா பழசும் ஃபைல்லயே இருக்கும். ஏன் மாத்திச் சொல்றீங்கன்னு கேப்பாங்க."

மார்க்கெட்டுக்கு மேல் சந்தில் ஒரு தட்டச்சுப் பள்ளி இருந்தது. ஜமீலா என்று ஒரு அம்மா நடத்தினார். என் வயதுதான் இருக்கும். மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுப்பார் என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள். கையிலிருந்த நகலை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்க, இது யார் எழுதுனதுங்க?"

"நான்தாங்க."

பென்சிலை எடுத்து இரண்டு சொற்களின் கீழே கோடு போட்டார். "வசிக்கிறாங்கன்னு ஒரு வினை. நம்பியிருக்காங்கன்னு ஒரு வினை. தற்காலிகம் எதுக்குங்க, முதல் வினைக்குத்தானுங்களே? அப்ப லிவ்ஸ்னு எழுதுன உடனே, வித்துக்கு முன்னாடி வெச்சிருக்கோணும். லிவ்ஸ் டெம்பரரிலி வித் மை பிரதர். இப்பப் படிங்க."

படித்தேன். அவ்வளவு தெளிவாக இருந்தது.

"கடைசியில கொண்டுபோய் வெச்சுட்டீங்க. பக்கத்துல இருக்கற வினை அதை இழுத்துக்கிச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "நெறையப் பேரு செய்யறதுதானுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் மனுவில் சொல் இடம் மாறியது என்பதை விளக்கி, புதிய மனுவை அவரே தட்டச்சு செய்து கொடுத்தார். அதை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது கூடலூர் தாண்டும்வரை அக்காவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மற்றவர்களின் மனுக்கள் ஞாபகத்துக்கு வந்தன. வீடு வீடாகப் போய், நகல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். நான்கு வீட்டில் இருந்தது. மூன்றில் பாதகமில்லை. நான்காவது, மகனை இங்கே மாற்றக் கேட்டு ஒருவருக்கு எழுதியது. அதிலும் நிரந்தரமாக என்ற சொல் கடைசியில் இருந்தது. அவன் அந்தத் தோட்டத்தில் நிரந்தரமாக வேலை செய்கிறானா, இல்லை பெற்றோரோடு நிரந்தரமாக இருக்க விரும்புகிறானா என்று எனக்கே சொல்ல முடியவில்லை. அந்த மகன் இன்றைக்கும் வால்பாறைப் பக்கம்தான் இருக்கிறான். அவனுடைய அப்பா வழியில் என்னைப் பார்த்தால் இன்னமும் கும்பிடுகிறார். நான் அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் மனு எழுதவும் இல்லை.

5

நிராகரிப்பின் பிரதி ஒன்று அக்காவின் பெயருக்கும் போயிருக்கிறது. இது எனக்குத் தெரியாது. ஊட்டியிலிருந்து திரும்பிய இரண்டாவது வாரம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்துக் காம்பிராப் பெண்ணிடம் சொல்லி எழுதியிருந்தாள்.

"தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. கவுருமெண்டுக் கந்தோர்ல இருந்து வந்த கடுதாசிய கணக்கப்பிள்ளை பெரட்டுல வச்சிப் படிச்சாரு. வேலைக்கு நின்ன சனமெல்லாம் கேட்டுச்சி. என்னைய நீ தற்காலிகமாத்தான் பாத்துக்கிறதா எழுதியிருக்கியாம். நான் நம்பாம இன்னொருக்கா படிக்கச் சொன்னேன். ரெண்டாந் தரமும் அதையேதான் படிச்சாரு. கூப்பிட முடியலைன்னா முடியலைன்னு எழுதியிருக்கலாம். நான் கோவிச்சிருக்க மாட்டேன். புள்ளைக்குக் குளிருக்குப் போத்தி விடு."

அன்றைக்கே மூன்று பக்கம் பதில் எழுதினேன். ஜமீலா அம்மா சொன்னதை அப்படியே தமிழில் சொல்லிப் பார்த்தேன். தமிழில் எதற்குச் சொல்கிறோமோ அந்த வினைக்கு முன்னால் அந்தச் சொல்லை வைப்போம், வினை கடைசியில் வரும், ஆகவே குழப்பமில்லை. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும், சொல்லை அதற்கு அடுத்தாற்போல் வைக்க வேண்டும், நான் தள்ளி வைத்துவிட்டேன் என்றெல்லாம் எழுதினேன். வாக்கியத்தைக் கட்டம் போட்டும் காட்டினேன். அரை நாளும் பள்ளிக்கூடம் போகாத ஒருத்திக்கு, அடுத்தவர் வாயால் படித்துக் காட்டப்போகும் கடிதத்தில், கட்டம் போட்டேன்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. நான்கே வரி.

"அந்தச் சொல்ல நீதான் எழுதுனியான்னு தெரிஞ்சா எனக்குப் போதும். எழுதுனேன், எடம் மாறிப்போச்சின்னு சொல்ற. எடம் எங்கயா இருந்தா என்ன, சொல்லு ஒன்னோடதுதானே. இனிமே எனக்காக யாருக்கும் எழுத வேணாம்."

6

இதுவரைக்கும் அக்காவைப் பற்றிச் சொன்னதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மனு எழுதப் பேனாவை எடுப்பதற்கு முன்னால், ராணி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"மதினி வந்தா எத்தன நாளைக்கு இருப்பாங்க?"

எங்களுக்கு ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். ராணி அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. விவாதம் வேண்டாம் என்று நினைத்தேன்.

"இப்போதைக்குத்தான். அப்புறம் வேலு கூப்பிட்டுக்குவான்" என்றேன்.

வேலு கூப்பிட மாட்டான், கூப்பிடவும் முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பொழுது சண்டையில்லாமல் போகட்டும் என்று சொன்ன பொய். சொல்லிவிட்டு உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எழுதினேன். அதே சொல். வாத்தியாரின் விதிதான் என் கையைப் பிடித்துக் கடைசிக்குக் கொண்டுபோயிற்று என்று இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன். அப்படித்தானா என்று எனக்கே நிச்சயமில்லை. அந்த அலுவலகத்துக்காரர்கள் நான் எழுதியதைத்தான் படித்தார்கள். கணக்கப்பிள்ளையும் அதைத்தான் படித்தார்.

அக்காவின் இரண்டாவது கடிதத்தை ராணிக்குப் படித்துக் காட்டினேன். அப்போதுதான் அவளிடம் சொல்ல முயன்றேன். நான் தொடங்கியதுமே அவள் நிறுத்தினாள்.

"நான் எத்தன நாளைக்குன்னுதானே கேட்டேன். வர வேணாம்னு சொல்லலியே."

உண்மைதான். அவள் சொல்லவில்லை.

7

புதிய மனுவை ஏற்றுக்கொண்டார்கள். ஊட்டியிலிருந்து அனுமதிக் கடிதம் வந்து சேர இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அக்கா அங்கே ஒரு படிவத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்தால் போதும், கப்பல் ஏறலாம். படிவத்தை வேலுவுக்கு அனுப்பினேன். வேலு எழுதினான்: "அக்கா கைநாட்டு வைக்க மாட்டேங்குது. நான் சொல்லிப் பாத்துட்டேன். நீ வந்து கூப்பிட்டாத்தான் உண்டு."

போயிருக்க வேண்டும். கடவுச்சீட்டு, விசா, லீவு, வீட்டில் சின்னக் குழந்தை என்று என்னிடம் காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். அனுமதிக்கு ஒரு வருடம் கெடு போட்டிருந்தார்கள். கெடு முடிந்தது. அதற்குப் பிறகு அங்கே கலவரம். பிறகு கப்பலும் நின்றுபோயிற்று. நான் போட்ட கடிதங்கள், இந்த விலாசத்தில் ஆள் இல்லை என்ற குறிப்போடு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. அந்த லயத்துச் சனம் வவுனியாப் பக்கம் போய்விட்டதாக, கடைசிக் கப்பலில் வந்த ஒருவர் சொன்னார். வேலு கொழும்பில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். அக்கா யாரோடு போனாள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

உங்கள் பத்திரிகை அந்தப் பக்கமெல்லாம் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அக்காவுக்கு இப்போது ஐம்பதை ஒட்டி இருக்கும். நெடுநெடுவென்று உயரம். இடது கையில் கட்டைவிரல் மட்டும். யாரிடமும் எதையும் கேட்டு வாங்க மாட்டாள். எங்கேயாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

உங்களில் யாராவது அவளைக் கண்டால் இதைப் படித்துக் காட்டுங்கள். சொல்லின் இடத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் விட்டுவிடலாம். அது அவளுக்கு வேண்டாம். ராணி கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் மட்டும் படியுங்கள். அவள் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னால், மாற்றாமல் அதையே படியுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போனால், பின்னாலேயே போய்க் கூப்பிட வேண்டாம்.